பெட்டித் தேனா, அசல் தேனா?

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தில் தேன் வாங்க வருகிறவர் முதலில் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்ப்பார். உள்ளே இருக்கும் காற்றுக் குமிழ் ஆடி அசைந்து ஏறினால் முகத்தில் ஒரு திருப்தி. சரசரவென்று ஏறிவிட்டால் சந்தேகம். அடுத்து வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணாச்சி, இது பெட்டித் தேனா, அசல் தேனா?"

பெட்டியில் எடுத்தால் அசல் இல்லையாம். அந்தக் காலத்தில் பானையிலும் மரப்பொந்திலும் இருந்து எடுத்த தேனுக்கு இருந்த மருந்துக் குணம் இப்போது இல்லையாம். இதைச் சொல்பவர்களில் பானைத் தேன் பிழிவதைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. பார்த்திருந்தால் இவ்வளவு ஏங்க மாட்டார்கள்.

பானைத் தேன் எப்படி எடுக்கப்பட்டது? பொந்தில் கிடந்த தேனீக் கூட்டத்தை மண்பானைக்குள் குடியேற்றிவிடுவார்கள், அல்லது அது தானாக வந்து சேரும். தேன் முற்றியதும் இரவில் சூட்டு (ஓலைப் பந்தம்) வெளிச்சத்தில் புகை போட்டு, அடையை மொத்தமாக அறுத்தெடுப்பார்கள். அடையின் மேற்பகுதியில் தேன், அதற்குக் கீழே மகரந்தம், அதற்கும் கீழே முட்டையும் புழுவும். எல்லாவற்றையும் துணியில் கட்டிக் கையால் பிழிந்தால் தேனோடு புழுச்சாறும் மகரந்தமும் சேர்ந்து இறங்கும். கலங்கலாக, கருப்பாக, லேசான புளிப்போடு இருக்கும். அந்தப் புளிப்பைத்தான் பலர் மருந்துக் குணம் என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். உண்மையில் அது தேன் புளிக்கத் தொடங்கிவிட்டது என்பதன் அடையாளம். அடை போன கூட்டம் பெரும்பாலும் ஓடிவிடும் அல்லது செத்துவிடும். அடுத்த வருஷத்துக்கு வேறு கூட்டம் தேட வேண்டியதுதான்.

இந்த வட்டாரத்தில் அது மாறியது 1924-க்குப் பிறகு. அப்போது இது திருவிதாங்கூர். ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் மார்த்தாண்டத்தில் கிராமப் புனரமைப்பு மையம் தொடங்கினார். கோழி, நெசவு, பனைவெல்லம் என்று அங்கே சொல்லிக்கொடுத்த தொழில்களில் தேனீ வளர்ப்பும் ஒன்று. பெட்டிக்கு வழி காட்டியவர் அதற்கும் முன்பே, 1910-களில், திருச்சிப் பக்கம் நம் ஊர்த் தேனீயின் உடம்பு அளவுக்கு ஏற்ற சிறிய பெட்டியை வடிவமைத்த நியூட்டன் பாதிரியார். இன்றைக்கும் இங்குள்ள தோட்டங்களில் ஒற்றைக்கால் தாங்கியில் நிற்கிற பெட்டிகளின் மூலம் அதுதான்.

இந்தத் தேனைத் தரும் ரப்பர் மரமும் இந்த மண்ணுக்குப் புதிதாக வந்ததுதான். 1876-ல் பிரேசிலிலிருந்து விதையாக லண்டன் போய், அங்கே முளைத்து, பிறகு ஆசியாவுக்கு வந்த மரம். ஆக, "மார்த்தாண்டம் தேன்" என்று 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு, அமேசான் காட்டு மரத்திலிருந்து, ஒரு பாதிரியார் வடிவமைத்த பெட்டியில், அமெரிக்கர் ஒருவர் பரப்பிய முறையில் சேர்ந்த தேன். இதை நம் பாரம்பரியம் என்று சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பாரம்பரியம் முழுக்க முழுக்கப் புதியதை ஏற்றுக்கொண்டதால் வந்தது. இது மறந்துபோவதால்தான் இன்று வரும் புதிய கருவிகளைக் கண்டால் நமக்குக் கை கூசுகிறது.

ரப்பர் தேன் பூவிலிருந்துகூட வருவதில்லை. டிசம்பர், ஜனவரியில் இலை கொட்டி மொட்டையாக நிற்கும் மரம் மறுபடி துளிர்க்கும்போது ஒரு கொத்தைத் தாழ்த்திப் பாருங்கள். செம்பு நிறத்தில் தொங்கும் இளம் இலை. மூன்று இலைகளும் காம்போடு சேரும் இடத்தில் கடுகை விடச் சிறிய சுரப்பிகள். காலை வெயிலில் அந்த இடம் மினுமினுக்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் இனிக்கும். இலை முற்றிப் பச்சையாகிவிட்டால் சுரப்பு நின்றுவிடும். அதனால்தான் பெரிய அறுவடை ஜனவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரைக்குள் முடிந்துபோகிறது. அந்தச் சமயத்தில் பனி அதிகமாகி இளம் இலையில் வெண்பூஞ்சை விழுந்து இலை உதிர்ந்தால் அந்த வருஷம் தேனும் உதிர்ந்தது என்று அர்த்தம். ஒன்று கவனிக்க வேண்டும்: ரப்பர் இலை இனிப்பைத்தான் தரும். புழு வளர்க்கத் தேவையான மகரந்தத்துக்குத் தென்னையோ வேறு பூவோ பக்கத்தில் இருக்க வேண்டும். ரப்பர் மட்டுமே உள்ள தோட்டத்தின் நட்டநடுவில் பெட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கூட்டம் மெலிகிறதே என்று புலம்பிப் பயனில்லை.

பெட்டிக்கு வருவோம். அதன் சூட்சுமம் ஒரு இடைவெளியில் இருக்கிறது. தேனீ அடை கட்டுவதற்காக உள்ளே மரச்சட்டங்கள் வரிசையாகத் தொங்கும். சட்டத்துக்கும் சட்டத்துக்கும், சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே தேனீ நடந்துபோகும் அளவுக்கு, நம் ஊர்த் தேனீக்குச் சுமார் 8 மில்லிமீட்டர், வழி விட வேண்டும். கூடினால் அந்த இடத்திலும் அடை கட்டிவிடும். அப்புறம் சட்டத்தைத் தூக்கினால் அடை பிய்ந்து தேன் ஒழுகும். குறைந்தால் தேனீ நுழைய முடியாமல் அந்த மூலையில் மெழுகுப்புழு குடியேறும். கண்ணளவில் அடித்த பெட்டியில் வரும் முதல் தொல்லையே இதுதான். பச்சை மரத்தில் செய்தால் காய்ந்ததும் சுருங்கி அளவு கெடும். பதப்படுத்தாத ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று செய்தால் வண்டு துளைத்து மாவாக்கிவிடும்.

கீழ் அறை புழு வளர்ப்புக்கு, மேல் அறை தேனுக்கு. மேல் அறையில் உள்ளதை மட்டும்தான் எடுக்க வேண்டும். சட்டத்தின் மெழுகு மூடியைச் சூடான நீரில் முக்கித் துடைத்த கத்தியால் சீவி, சுற்றும் டிரம்முக்குள் நிறுத்திக் கைப்பிடியைச் சுழற்றினால் தேன் தெறித்துச் சுவரில் வழிந்து கீழே சேரும். ஒரு பக்கத்தை முழுக்க ஓட்டிவிட்டுத் திருப்பக் கூடாது. முதலில் மெல்லச் சுழற்றிப் பாதி எடுத்து, திருப்பி மறுபக்கத்தை முழுதாக எடுத்து, மறுபடி முதல் பக்கத்தை முடிக்க வேண்டும். இல்லையென்றால் உள்பக்கத் தேனின் கனம் புது அடையை உடைத்துவிடும். அடை முழுசாகத் திரும்பக் கிடைப்பதுதான் இந்தக் கருவியின் லாபம். மெழுகு சுரக்கத் தேனீக்கள் அந்த எடையைப் போலப் பல மடங்கு தேனைத் தின்ன வேண்டும். அந்தச் செலவு மிச்சம்.

இதுவரை சொன்னது நூறு வருஷத்துப் புதுமை. இப்போது கைக்கு வரவேண்டிய ஒன்று தேனின் ஈரத்தை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர். கைக்குள் அடங்கும் ஒரு குழல், இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. பெட்டி வைத்திருப்பவர்கள் பலர் இன்னும் இதை வாங்கவில்லை. "நாக்குல வச்சா தெரியாதா?" என்பார்கள். தெரியாது. 19 சதவீத ஈரத்துக்கும் 22-க்கும் நாக்குக்கு வித்தியாசம் புரியாது. ஆனால் புளிக்க வைக்கும் நுண்ணுயிருக்கு நன்றாகவே புரியும். உணவுத் தர விதிப்படி தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. நம் ஊர்த் தேன், ஈரக் காற்று காரணமாக, அவசரப்பட்டு எடுத்தால் எளிதாக அதைத் தாண்டிவிடும். ஆறு மாசத்தில் பாட்டில் மூடி உப்பி, திறந்ததும் நுரை பொங்குவது கலப்படத்தால் அல்ல. பழுக்காத தேனை எடுத்ததால்.

கருவி வாங்கும்போதே ஏமாறுகிறவர்கள் உண்டு. பழச்சாறுக்கான ரிஃப்ராக்டோமீட்டர் 0 முதல் 32 பிரிக்ஸ் (நூற்றில் எத்தனை பங்கு சர்க்கரை என்ற அளவு) வரை மட்டும் காட்டும். அதில் தேனை வைத்தால் கோடே தெரியாது. தேனுக்கானது 58-லிருந்து 90 பிரிக்ஸ் வரை காட்டும், பக்கத்தில் ஈர சதவீதமும் போட்டிருக்கும். இதை வெறும் தண்ணீர் வைத்துச் சரிபார்க்க முடியாது, அது அளவுகோலுக்குள்ளேயே வராது. கூட வரும் எண்ணெயும் கண்ணாடித் துண்டும் வைத்துத்தான் திருகாணியைச் சரிசெய்ய வேண்டும். அது தொலைந்துபோனால் கலப்பில்லாத ஆலிவ் எண்ணெய் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கலாம். ஈர அளவுகோலில் சுமார் 27 காட்ட வேண்டும்.

பாத்திரத்தை நன்றாகக் கிளறிவிட்டு எடுங்கள், ஈரம் கூடிய தேன் மேலே மிதக்கும். ஒரு சொட்டு போதும். மூடியை அழுத்தும்போது குமிழ் இருக்கக் கூடாது. அரை நிமிஷம் பொறுத்து வெளிச்சத்தைப் பார்த்துக் குழலில் கண்ணை வையுங்கள்: மேலே நீலம், கீழே வெள்ளை, இரண்டும் சேரும் கோடு எங்கே நிற்கிறதோ அதுதான் அளவு. கோடு மங்கலாகப் பரவினால் தேனில் சீனிக் கட்டிபோல மணிகள் உறைந்திருக்கின்றன என்று பொருள். லேசாகச் சூடாக்கி, ஆறவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். வெப்பத்தைத் தானே ஈடுசெய்யும் கருவிகூடப் பெரும்பாலும் 30 டிகிரி வரைதான் ஈடுசெய்யும். மார்ச் மாசத்து மத்தியான வெயிலில் தோட்டத்தில் நின்று அளந்தால் ஈரம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். காலையில் அளப்பதே நல்லது.

கருவி இல்லாத வீட்டுக்காரருக்கும் ஒரு வழி உண்டு. தராசு. சரியாக ஒரு லிட்டர் பிடிக்கும் பாத்திரத்தில் தேன் 1.4 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். தெளிவாகக் குறைந்தால் தண்ணீர் அதிகம். சீனிப்பாகைக் காய்ச்சி இந்த எடைக்குக் கொண்டுவர முடியும் என்பதால் இது கலப்படத்துக்கான சோதனை அல்ல, ஈரத்துக்கானது மட்டும்தான். தண்ணீரில் சொட்டுவது, தீக்குச்சியில் தடவிப் பற்றவைப்பது, நாய் நக்குகிறதா பார்ப்பது, எறும்பு வருகிறதா பார்ப்பது, இவையெல்லாம் அந்த அளவுக்குக்கூடத் தேறாது. கெட்டியான பாகு தண்ணீரில் கரையாமல் அப்படியே அடியில் போய் உட்காரும், அசல் ரப்பர் தேன் கொஞ்சம் ஈரம் கூடியிருந்தால் கலங்கும். பொய் ஜெயித்து மெய் தோற்கும் சோதனை அது.

எடுக்கும் நேரத்தைப் பொறுத்துத்தான் ஈரம். சட்டத்தில் முக்கால் பங்கு அறைகளைத் தேனீ மெழுகால் மூடிய பிறகுதான் தொட வேண்டும். மழை பெய்த மறுநாள் வேண்டாம். எடுத்த தேனைத் திறந்த அண்டாவில் இரவு முழுக்க விட்டால் அதுவே காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நம் ஊர்க் காற்றுக்கு அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பிறகு சூடாக்குவது. அடுப்பில் நேரடியாக வைத்துக் கொதிக்கவைப்பது பழைய பழக்கம், கெட்ட பழக்கம். நிறம் கறுக்கும், மணம் போகும், சூட்டில் சர்க்கரை சிதைவதால் உண்டாகும் எச்.எம்.எஃப். என்ற பொருள் கூடும். விதிப்படி அது கிலோவுக்கு 80 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர், அதற்குள் எவர்சில்வர் பாத்திரத்தில் தேன், அதற்குள் ஒரு வெப்பமானி. தேன் 60-லிருந்து 65 டிகிரிக்குள் அரை மணி நேரம் இருந்தால் புளிக்கவைக்கும் நுண்ணுயிர் செத்துவிடும். உடனே மெல்லிய துணியில் வடித்து, சீக்கிரம் ஆறவைத்து, முழுக்கக் காய்ந்த பாட்டிலில் விளிம்புவரை நிரப்ப வேண்டும். இந்தச் சூட்டால் ஈரம் பெரிதாகக் குறையாது. 23 சதவீதத் தேனை இப்படிக் காய்ச்சி 20-க்குக் கொண்டுவரலாம் என்று நினைப்பவர்கள் கடைசியில் கருகிய பாகைத்தான் விற்பார்கள்.

ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். அதில் குளுக்கோஸ் பங்கு அதிகம், அதனால் அடியில் மணல்போல மணி கட்டும். "சீனி கலந்துட்டாங்க" என்று பாட்டில் திரும்பி வருவதற்கு இதுதான் முக்கியக் காரணம். கை பொறுக்கும் சூட்டு நீரில் பாட்டிலை ஒரு மணி நேரம் நிறுத்தினால் மறுபடி இளகும்.

மழைக்காலத்துச் சீனி விஷயம்தான் இந்தத் தொழிலில் எல்லோரும் மெல்லப் பேசுவது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தேன் வரத்து இருக்காது. கூட்டம் பட்டினியில் ஓடாமலிருக்கச் சீனித் தண்ணீர் கொடுத்தே ஆக வேண்டும், இதில் மோசடி ஒன்றுமில்லை. சம எடை சீனியும் தண்ணீரும். தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கிய பிறகுதான் சீனியைப் போட வேண்டும்; சீனியோடு காய்ச்சினால் கருகி, தேனீக்கு வயிற்றுக் கேடு. வாரத்துக்கு ஒருமுறை பெட்டிக்கு 200 கிராம் சீனி அளவில், சிரட்டையில் ஊற்றி, மூழ்காமலிருக்க நாலைந்து ஈர்க்கிலைப் போட்டு, பெட்டிக்குள் அந்தி நேரத்தில் வைக்க வேண்டும். பகலில் வெளியே வைத்தால் பக்கத்துக் கூட்டம் கொள்ளையடிக்க வந்து சண்டை மூளும்.

தப்பு நடப்பது அதை நிறுத்தத் தவறும்போது. டிசம்பரில் கீழ் அறையில் மிஞ்சிய பாகைத் தேனீ ஜனவரியில் மேல் அறைக்கு ஏற்றிவிடும். ஆய்வகம் அதைக் கண்டுபிடித்துவிடும். கரும்பும் சோளமும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் ரப்பர், தென்னை போன்றவை எடுக்கும் விதத்திலிருந்து வேறு. அந்தக் கார்பனின் எடையிலேயே அடையாளம் இருக்கும். சி-4 எனப்படும் இந்தக் கரும்பு, சோளச் சர்க்கரை 7 சதவீதத்தைத் தாண்டினால் தேன் தேறாது. ஒரு துளிகூடக் கலக்காத தேனீக்காரர் இப்படி மாட்டிக்கொண்டு, "ஆய்வகமே மோசம்" என்று ஏசுவதில் அர்த்தமில்லை. மேல் அறை வைப்பதற்குச் சில வாரம் முன்பே பாகை நிறுத்தி, மிச்சம் தின்று தீர்ந்ததா என்று சட்டத்தைத் தூக்கிப் பார்த்தால் போதும். அரிசிப் பாகு இந்தச் சோதனையில் தப்பிவிடும் என்பதால்தான் பெரிய வியாபாரிகளிடம், தேனின் மூலக்கூறுகளையே படம்பிடிக்கும் என்.எம்.ஆர். சோதனை வரை கேட்கிறார்கள். இந்தச் சோதனைகள் சின்னத் தேனீக்காரருக்கு எதிரி என்று ஒரு பேச்சு உண்டு. மலிவுப் பாகு விற்பவரிடமிருந்து அவரைக் காக்க இதைவிட்டால் வேறு என்ன இருக்கிறது?

1991, 92-ல் வந்த, தேனீப் புழுவைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸைப் பற்றிப் பழைய ஆட்கள் இன்றும் பேசுவார்கள். தென்னிந்தியாவில் பெட்டிக் கூட்டங்களில் பெரும்பகுதி அதில் அழிந்தது. அடையாளம் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது: புழு கூட்டுப்புழுவாக மாறாமல் அறையில் மல்லாந்து நீண்டு கிடக்கும், தலை நிமிர்ந்து நிற்கும், ஈர்க்கில் நுனியால் தூக்கினால் தண்ணீர் நிறைந்த பைபோலத் தொங்கும். இதற்கு மருந்து கிடையாது. வைரஸ் என்பதால் ஆன்டிபயாட்டிக் பவுடர் போடுவது வெறும் வீண், அதன் எச்சம் தேனில் ஏறி சரக்கும் கெடும். புதிது என்பதற்காக எல்லாவற்றையும் வாங்கக் கூடாது என்பதற்கு இந்தப் பவுடர் ஓர் உதாரணம். ராணியை இரண்டு மூன்று வாரம் முட்டையிடாமல் கூண்டில் அடைப்பது, நோய்ப்பெட்டிச் சட்டத்தை வேறு பெட்டியில் வைக்காமலிருப்பது, தாக்குப்பிடித்த கூட்டத்தின் ராணி அறையிலிருந்தே புதுக் கூட்டம் பிரிப்பது, இவைதான் கைகண்ட வழி. எந்த ராணி எந்தக் கூட்டத்தின் மகள் என்று நினைவில் வைப்பது நடக்காது. பெட்டிக்கு எண் எழுதி, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சட்டத்தைக் கைபேசியில் ஒரு படம் எடுத்தால் தேதியோடு கணக்கு இருக்கும். இதற்குத் தனிச் செயலி எதுவும் வேண்டாம்.

பெட்டிக்குள் வைக்கும் வெப்ப உணரி, ஒலி உணரி என்றெல்லாம் இப்போது வருகின்றன. பத்துப் பெட்டிக்காரருக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது எங்கள் கருத்து. அதே வேலையின் பாதியைக் கொக்கி வைத்த எலக்ட்ரானிக் தராசு செய்துவிடும்.

தேன் தொடர்பாக உடனடியாக விட்டுவிட வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு: பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டுவைப்பது. தேனில் போட்டுலிசம் நோய்க் கிருமியின் வித்து இருக்கலாம். பெரியவர்கள் வயிறு அதைத் தாங்கும், ஒரு வயதுக்குள் உள்ள குழந்தையின் குடல் தாங்காது. சூடாக்கிய தேனிலும் அது சாகாது. ஆச்சி கோபித்தாலும் பரவாயில்லை.

கொக்கித் தராசு என்றோமே, அதை இப்படிப் பயன்படுத்தலாம். பெட்டியைச் சுற்றி உறுதியான கயிறு கட்டி, வெளியே போன தேனீ எல்லாம் திரும்பிய பிறகு, அந்தியில் தூக்கி எடை எழுதுங்கள். தினமும் அதே நேரம். ஜனவரியில் எடை ஏறத் தொடங்கும் நாள்தான் மேல் அறை வைக்க வேண்டிய நாள். மழை பெய்தால் மரம் நனைந்து எடை கூடிக் காட்டும், அந்த நாளைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஏப்ரலில் மூன்று நாலு நாள் எடை ஏறாமல் நின்றாலோ இறங்கினாலோ வரத்து முடிந்தது. கடைசித் தேனை எடுத்துவிட்டு, கீழ் அறையில் உள்ளதை அவற்றுக்கே விட்டு, மேல் அறையைக் கழற்றி, வாசலைச் சுருக்கி, தாங்கிக் காலில் உள்ள எறும்புக் கிண்ணத்தில் தண்ணீர் நிரப்பிவிடுங்கள். ஜூன் தொடக்கத்து எடவப்பாதி மழைக்கு முன்னால் இவ்வளவுதான் வேலை.